வாழ்த்துச் சீலையும் கஞ்சிக்கு உப்பும்

நோன்புப் பெருநாளும் சித்திரை வருசப் பிறப்பும் ஒரே வாரத்தில் வந்தால் என்ன ஆகும் என்று யாராவது முன்கூட்டியே என்னைக் கேட்டிருந்தால், தின்ன நிறையக் கிடைக்கும் என்றுதான் சொல்லியிருப்பேன். ஐம்பதுகளின் கடைசியில் ஓர் ஆண்டு அப்படி வந்தது. நோன்பு ஆண்டுக்கு ஆண்டு முன்னுக்கு நகர்ந்து நகர்ந்து சித்திரை வெயிலுக்குள் வந்து சேர்ந்திருந்தது. அதற்கு முன் இப்படி வந்தது எப்போது என்று கல்முனைக் கடைத்தெருவில் வயதானவர்களைக் கேட்டார்கள். ஆளுக்கொரு கதை சொன்னார்கள். ஒன்றும் உதவவில்லை.

அந்தத் தெருவில் என் கணவருக்கு ஒரு சாரன் கடை இருந்தது. எங்கள் ஊர் மருதமுனைத் தறிகளில் நெய்த, ஆண்கள் இடுப்பில் உடுத்தும் சாரன்களைத்தான் விற்பார். அவர் கடைக்கு நேர் எதிரே, தெருவின் மறுபக்கம், பாண்டிருப்புத் தமிழர் ஒருவரின் நாட்டு மருந்துக் கடை. கடையில் மட்டுமல்ல, வீட்டிலும் அவர் எங்களுக்கு அடுத்தவர்தான். எங்கள் ஊர் முடிந்து பாண்டிருப்பு தொடங்கும் இடத்தில் எங்கள் வீடும் வளவும். நடுவில் தென்னோலை பின்னிய ஒரு கிடுகு வேலி, அதுதான் இரண்டு ஊருக்கும் எல்லை. ஆண்கள் இருவரும் சேர்ந்து ஒரு சைக்கிள் வாங்கியிருந்தார்கள். காலையில் என் கணவர் மிதிப்பார், மருந்துக்கடைக்காரர் பின்னால் கரியரில் இருப்பார். மாலையில் இடம் மாறிக்கொள்வார்கள். ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிடுவார்கள்.

மருந்துக்கடைக்காரரின் மனைவி என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னைப் புள்ள என்பார். வேலியில் ஓர் ஆள் குனிந்து நுழையுமளவுக்கு ஒரு கடப்பு இருந்தது. எனக்குக் கூடப்பிறந்த பெண் இல்லை. கல்யாணமாகிக் கொஞ்ச நாள், பிள்ளையும் அப்போது இல்லை. என்னைப் பெற்ற உம்மாவும் வாப்பாவும் எங்களோடுதான் இருந்தார்கள், ஆனால் உம்மாவோடு எவ்வளவு நேரந்தான் கதைப்பது? பகல் முழுவதும் எனக்குப் பேச்சும் சிரிப்பும் அந்தக் கடப்பு வழியாகத்தான் வந்தன.

நோன்பு மாதத்தில் அந்தக் கடப்புக்கு இன்னொரு வேலையும் உண்டு. நோன்பு திறப்பதற்காகப் பின்னேரம் நான் கஞ்சி காய்ச்சுவேன். நோன்போடு உப்புப் பார்ப்பது எப்படி? நாக்கு நுனியில் வைத்துவிட்டுத் துப்பினால் குற்றமில்லை என்று உம்மா சொல்வார். எனக்கு அது பயம், தவறி விழுங்கிவிட்டால் என்ன செய்வது? அதனால் அகப்பையில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு கடப்பருகே போய் "அக்கா!" என்பேன். அக்கா ஊதி ஊதிக் குடித்துவிட்டு, "இன்னுங் கொஞ்சம் போடு புள்ள" என்பார். சரியாக இருந்தால் "காணும்" என்பார். எங்கள் வீட்டு நோன்புக் கஞ்சிக்கு ஒரு சைவக்காரப் பெண் உப்புப் பார்ப்பது வாப்பாவுக்குத் தெரியும். கஞ்சியைக் குடித்துவிட்டு "அல்ஹம்துலில்லாஹ்" என்று இறைவனைப் புகழ்வார், வேறொன்றும் சொல்லமாட்டார்.

இனி அந்தச் சீலைக்கு வருகிறேன். ஒவ்வொரு சித்திரைக்கும் கடைத்தெரு வியாபாரிகள் சங்கம் தெருவுக்குக் குறுக்கே ஒரு வாழ்த்துச் சீலை கட்டும். வெள்ளைத் துணியில் சிவப்புத் துணி எழுத்துகளை வெட்டித் தைத்தது. துணி எங்கள் கடையிலிருந்து போகும். எழுத்தை நான் வெட்டுவேன், அக்கா தன் மெஷினில் தைப்பார். ஒரு பக்கத்துக் கயிற்றை எங்கள் கடைத் தூணிலும் மறுபக்கத்துக் கயிற்றை மருந்துக் கடைத் தூணிலும் கட்டுவார்கள். பெருநாளுக்கும் அப்படியே வேறொரு சீலை. இரண்டும் வேறு வேறு மாதங்களில் வந்தவரை யாருக்கும் ஒரு தலையிடியும் இருக்கவில்லை.

அந்த ஆண்டு ஒரே சீலை போதும் என்றார் சங்கத் தலைவர். அவர் சம்மாந்துறையில் நெல் ஆலை வைத்திருந்த முதலாளி, யாரோடும் பகைக்க விரும்பாத மனிதர். 'எல்லோருக்கும் பண்டிகைக் கால வாழ்த்துகள்' என்று பொதுவாகப் போட்டுவிட்டால் ஒருவருக்கும் மனக்குறை வராது என்று நினைத்தார். கூட்டத்தில் அவர் அதைச் சொல்லி முடிப்பதற்குள் என் கணவர் எழும்பிவிட்டாராம்.

"என்ன முதலாளி, முப்பது நோன்பையும் புடிச்சிப்போட்டு, கடைசியில பேரில்லாத வாழ்த்தா? பெருநாளெண்டு சொல்ல நமக்கு வாய் கூசுதா?"

அவருக்குப் பின்னால் மருந்துக்கடைக்காரர் எழும்பினார். "மச்சான் சொல்றது சரி. வருசமெண்டா வருசந்தான். பண்டிகைக் காலமெண்டா ஆருக்கு விளங்கும்? தீபாவளிக்கும் அதத்தான் கட்டலாம், கிறிஸ்தவங்கட நத்தாருக்கும் அதத்தான் கட்டலாம். கழட்டாம அப்படியே விட்டிரலாம்."

கூட்டம் சிரித்தது. தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் பாவம், எல்லோரையும் சேர்க்கப் பார்த்தவர். சேர்ந்தது இந்த இருவர்தான், அவருக்கு எதிராக. அன்று மாலை சைக்கிளில் இருவரும் சிரித்துக்கொண்டே வந்தது எனக்கு நினைவிருக்கிறது.

சண்டை மறுநாள் வந்தது. பெயர் போட வேண்டும் என்றால் எந்தப் பெயரை முதலில் போடுவது? பெருநாள்தான் முந்தி வருகிறது, ஆகவே அதுதான் மேலே என்றார் என் கணவர். சித்திரையில் கட்டுவது காலங்காலமாக வருசத்துச் சீலை, அதில் வந்து சேர்ந்தது பெருநாள்தான், விருந்தாளிக்கு எப்படித் தலைமாடு கொடுப்பது என்றார் மருந்துக்கடைக்காரர். அவர் சிரிக்க வைக்கப் பகிடியாகத்தான் சொல்லியிருப்பார். "ஆரு விருந்தாளி?" என்று என் கணவர் கேட்டது பகிடியாக இருக்கவில்லை. அன்று இருவரும் ஒரே சைக்கிளில்தான் வந்தார்கள், ஆனால் சத்தமில்லாமல் வந்தார்கள்.

வழி கண்டுபிடித்தவர் அக்கா. "ரெண்டு பக்கமுந் தைப்பம் புள்ள. நம்மட பக்கத்தால வாற சனத்துக்கு ஒண்டு தெரியட்டும், அங்கால சாய்ந்தமருதுப் பக்கத்தால வாற சனத்துக்கு மத்தது தெரியட்டும். ரெண்டும் முதல்தான், ரெண்டும் மேலதான்."

இப்படி ஒரு புத்தி சங்கத்தில் ஒருவருக்கும் வரவில்லையே என்று எங்களுக்கு ஒரே பெருமை. நான் எழுத்து வெட்ட, அக்கா தைக்க, ஒரு பக்கம் பெருநாள் வாழ்த்து, மறுபக்கம் சித்திரை வருச வாழ்த்து. அக்கா வீட்டு மண்டபத்தில் நிலத்தில் விரித்துப் பார்த்தோம். அப்படி ஓர் அழகு! புரட்டிப் பார்த்தோம், அந்தப் பக்கமும் அழகு. வெளியே கொண்டுபோய்த் தூக்கிப் பிடித்துப் பார்க்க வேண்டும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

எங்கள் ஊர்த் துணி மெல்லிய நூல். வெயில் நாளில் தெருவுக்கு மேலே, வானத்தை முதுகுக்கு வைத்துக்கொண்டு அது தொங்கியபோது, பின்பக்க எழுத்துகளும் முன்பக்கத்துக்கு வந்துவிட்டன. நேர் எழுத்துக்குள் இடம் வலம் மாறிய எழுத்து, அதற்குள் இது. எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் ஒன்றையும் வாசிக்க முடியவில்லை. பஸ்காரர் வண்டியை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தாராம். மீன் வாங்க வந்த ஒரு கிழவர், "இது மலையாள மந்திரமெல்லோ, ஆரு கடைத்தெருவுக்குச் சூனியம் வச்சது?" என்று கேட்டாராம்.

"உங்கட எழுத்துத்தான் என்ட எழுத்தக் கெடுக்குது" என்றார் என் கணவர். "உங்கடதுதான் என்டதுக்குள்ள பூந்து நிக்கிது" என்றார் மருந்துக்கடைக்காரர். யார் முதலில் கயிற்றை அவிழ்த்தது என்பதில் இன்றுவரை இரண்டு கதை உண்டு. இருவருமே அவிழ்த்தார்கள் என்பது என் முடிவு, ஏனென்றால் சீலை ஒரு பக்கமாகத் தொங்கவில்லை, முழுதாக விழுந்தது. விழுந்தது கீழே போய்க்கொண்டிருந்த வைக்கோல் வண்டியின் மாடுகளுக்கு மேல். மாடுகள் மிரண்டு, வருசத்தையும் பெருநாளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு மீன் சந்தை வரைக்கும் ஓடின. அந்தத் துணியைப் பிறகு நான் தலையணை உறையாகத் தைத்துவிட்டேன். சங்கம் அந்த ஆண்டு சீலையே கட்டவில்லை.

இதுவரைக்கும் சொல்லிச் சிரிக்கலாம். அடுத்த நாள் நடந்தது எனக்குச் சிரிப்பாக இல்லை. காலையிலே என் கணவர் புதுக் கிடுகு கொண்டுவந்து வேலிக் கடப்பை அடைத்துக் கட்டினார். அவர் கட்டி முடிக்க, அந்தப் பக்கத்திலிருந்து மருந்துக்கடைக்காரர் இன்னொரு வரிசை கிடுகு வைத்துக் கட்டினார். இந்த விசயத்தில் மட்டும் இருவருக்கும் என்ன ஒற்றுமை!

எங்கள் கிழக்குக் கரைப் பக்கத்தில் வீடும் வளவும் பெண்ணுக்குத்தான். கல்யாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். முஸ்லிம்களிலும் அப்படித்தான், தமிழர்களிலும் அப்படித்தான். ஆக, அக்காவின் சீதன வளவில் நின்றுகொண்டு அவருடைய கணவரும், என் சீதன வளவில் நின்றுகொண்டு என் கணவரும் எங்கள் இருவரையும் பிரித்தார்கள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"இஞ்சருங்க, இது ஆர்ர வளவு?" என்று கேட்டேன்.

"வளவு உன்டதான். வேலி கட்டுறது ஆம்புளட வேலை" என்றார். "கிடுகோட விடமாட்டன். பெருநாள் முடியட்டும், முள்ளுக்கம்பி அடிக்கிறன்."

கிடுகு என்றால் ஒரு மாரி மழைக்கு உக்கிப்போகும். கம்பி அடித்துவிட்டால் நானும் அக்காவும் கிழவியானாலும் அது அப்படியே நிற்கும். வாப்பாவிடம் போய்ச் சொன்னேன். வாப்பாவுக்கும் அது பிடிக்கவில்லை. ஆனாலும், "புருசன் கட்டின வேலியப் பொண்டாட்டி பிரிச்சா ஊர் சிரிக்கும் மகள். பொறு, ஆறட்டும்" என்றார். பொறுமை எனக்கு ஒருநாளும் ஒத்துவந்ததில்லை.

சைக்கிள் எங்கள் தாழ்வாரத்தில் சும்மா நின்றது. இருவரும் சேர்ந்து வாங்கியது, ஆகவே ஒருவர் தனியே ஏறினால் மற்றவருக்குத் தோற்ற மாதிரி. காலையில் ஒரே நேரத்துக்கு, ஒரே இடத்துக்கு, தெருவுக்கு இந்தப் பக்கத்தால் ஒருவரும் அந்தப் பக்கத்தால் ஒருவரும் வெயிலில் நடந்து போனார்கள். என் கணவர் நோன்போடு நடந்தார். நடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கஞ்சிதான் என்னைக் காட்டிக்கொடுத்தது. கடப்பு அடைத்த அன்று உப்பை அதிகமாக அள்ளிப் போட்டுவிட்டேன். நோன்பு திறந்து ஒரு வாய் குடித்த வாப்பா, "என்ன மகள், இண்டைக்குக் கடலுக்கையா தண்ணி அள்ளின?" என்றார். அடுத்த நாள் பயந்து பயந்து போட்டேன். "இண்டைக்கு ஆத்துத் தண்ணி" என்றார். அதற்கு அடுத்த நாள் இரண்டு தரம் போட்டுவிட்டேன் போல, உம்மா இருமத் தொடங்கிவிட்டார். என் கணவர் மட்டும் குனிந்த தலை நிமிராமல் கோப்பையைக் காலி பண்ணிவிட்டுத் தொழப் போய்விடுவார். நான் வேண்டுமென்று செய்ததாக உம்மா பிறகு ஊரெல்லாம் சொன்னார். சத்தியமாக வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் அவர் குடிப்பதைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

நாளைக்குப் பெருநாளா என்று பிறை பார்க்கும் நாள் வந்தது. சூரியன் மறையும் மஃரிபு நேரம் எங்கள் கடற்கரை முழுவதும் சனம். வானத்தில் மேகம், ஒருவர் கண்ணிலும் பிறை படவில்லை. எங்கள் பள்ளிவாசலில் நாளைக்கும் நோன்புதான் என்று முடிவாகிவிட்டது. வீட்டுக்கு வந்தால், சாய்ந்தமருதிலிருந்து ஓர் ஆள் சைக்கிளில் வந்து என் கணவரிடம் கதைத்துக்கொண்டு நிற்கிறார். அங்கே பிறை கண்டுவிட்டார்களாம், பெருநாள் தக்பீர் முழங்குகிறதாம்.

என் கணவர் பிறந்த ஊர் சாய்ந்தமருது. "என்ட ஊரில கண்டிட்டாங்க. எனக்கு நாளைக்குப் பெருநாள்" என்றார்.

"நம்மட பள்ளி சொல்லல்ல. இந்த வீட்டுக்கு நாளைக்கு நோன்பு" என்றார் வாப்பா.

அந்தக் காலத்தில் ரேடியோ ஒன்று சொன்னாலும் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் தங்கள் கண்ணையும் தங்கள் பள்ளியையும்தான் கேட்பார்கள். வாப்பாவோ மருமகனோடு சத்தம் போடுகிறவர் அல்ல. அவரும் மாமனாரை எதிர்த்துப் பேசுகிறவர் அல்ல. இருவரும் மரியாதையாக, ஒரே வீட்டுக்குள், இரண்டு நாளில் இருந்தார்கள். நான் யார் பக்கம்? பிறந்ததிலிருந்து எனக்கு எங்கள் பள்ளிதான். நானும் நோன்பு வைத்தேன்.

காலையில் அவர் குளித்து, புதுச் சாரன் உடுத்து, அத்தர் பூசிக்கொண்டு பெருநாள் தொழுகைக்குச் சாய்ந்தமருதுக்குப் போனார். தொழுதுவிட்டு அங்கேயே யார் வீட்டிலாவது சாப்பிட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். எந்த வீட்டில்? அவருடைய உம்மா மவுத்தாகி மண்ணுக்குப் போய்விட்டார். கூடப்பிறந்த பெண்கள் இல்லை. சகோதரர்கள் ஆளுக்கொரு ஊரில் மாப்பிள்ளையாகப் போய்விட்டார்கள். எங்கள் பக்கத்தில் தாயும் சகோதரியும் இல்லாத ஆணுக்குப் பிறந்த ஊரில் பள்ளி இருக்கும், வீடு இருக்காது.

ஆகவே அவருக்குப் பெருநாள் சோறு என் அடுப்பில்தான். ஆத்திரம் ஒரு பக்கம் இருக்கட்டும், பெருநாளன்று மனுசன் பசியோடு இருக்கலாமா? நெய்ச்சோறும் கோழிக் கறியும் ஆக்கினேன், இனிப்புக்கு வட்டிலப்பம் அவித்தேன். எல்லாம் ஆகிவிட்டது, கறிக்கு உப்பு மட்டும் தெரியவில்லை. கஞ்சியைக் கெடுத்தது போதும், பெருநாள் கறியையும் கெடுத்து அவர் அதையும் வாய் பேசாமல் தின்பதை என்னால் பார்க்க ஏலாது என்று பட்டது. அகப்பையில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு, அடைத்த வேலியருகே போய் மெல்ல "அக்கா" என்றேன்.

உடனே அந்தப் பக்கத்தில் சருகு மிதிபடும் சத்தம் கேட்டது. இரண்டு வரிசைக் கிடுகையும் விலக்கிக்கொண்டு ஒரு கை வந்தது. அகப்பை உள்ளே போனது.

"உப்புக் காணாது" என்றது வேலி. கொஞ்சம் பொறுத்து, "இதென்ன புள்ள, கறி? உங்களுக்கு இண்டைக்கு நோன்பெல்லோ?"

நான் விசயத்தைச் சொன்னேன்.

"அப்ப அவர் தனியவா சாப்பிடப் போறார்?"

"ஓம் அக்கா."

"ஒருத்தரும் அவருக்குப் பெருநாள் வாழ்த்துச் சொல்லல்லையா?"

"எப்படிக்கா சொல்லுற? எங்களுக்கு நோன்பு. நோன்பு வீட்டில நிண்டு பெருநாள் வாழ்த்துச் சொல்லலாமா?"

அகப்பை திரும்பி வந்தது. பிறகு அந்த வீட்டுக்குள், இன்னும் கடைக்குப் போகாத தன் கணவரிடம் அக்கா பேசும் குரல் கேட்டது. ரகசியம் பேசும் குரல் அல்ல அது.

தொழுகை முடிந்து என் கணவர் வந்தார். பன் புல்லுப் பாயில் அமர்ந்தார். வாப்பா அறைக்குள் ஓதிக்கொண்டிருந்தார், உம்மா கொல்லைக்குப் போய்விட்டார். நான் சோற்றையும் கறியையும் கொண்டுவந்து வைத்தேன். அவர் பிசைந்தார், வாயில் வைக்கவில்லை. பெருநாள் என்ற பெயரைத் தெருவுக்கு மேலே தூக்கிக் கட்ட வேண்டும் என்று கடைத்தெரு முழுவதோடும் மல்லுக்கு நின்ற மனுசன், அந்தச் சொல்லைத் தன்னிடம் சொல்ல வீட்டில் ஓர் ஆள் இல்லாமல் இருந்தார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பும் வந்தது. முள்ளுக்கம்பியின் மேல் இருந்த கோபமும் போகவில்லை. மூன்றையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் அடுப்படி வாசலில் நின்றேன்.

அப்போது வேலி பிய்ந்தது. சடசடவென்று கிடுகு முறிகிற சத்தம். மருந்துக்கடைக்காரர் தெரு வாசலால் வந்திருக்கலாம், எங்கள் படலைக் கதவு திறந்துதான் இருந்தது. அவரோ வேலியைப் பிய்த்துக்கொண்டு, தலையெல்லாம் கிடுகுத் தூளாக வந்து நின்றார்.

"பெருநாள் வாழ்த்து மச்சான்" என்றார்.

என் கணவர் எழும்பினார். சோற்றுக் கையோடு அப்படியே அவரைக் கட்டிப்பிடித்தார். மருந்துக்கடைக்காரரின் முதுகில் நெய்ச்சோறு ஒட்டிக்கொண்டது.

"தங்கச்சி, எனக்கும் ஒரு பீங்கான் சோறு" என்று அவர் பாயில் அமர்ந்தார். "மச்சான், வருசத்துக்கு நீங்கதான் எங்கட வீட்டுக்கு முதல் ஆள். சொல்லிப்போட்டன்."

"மச்சான், அந்த முள்ளுக்கம்பி…" என்று என் கணவர் தொடங்கினார்.

"சோறு ஆறுது, சாப்பிடுங்க" என்று மருந்துக்கடைக்காரர் இடைமறித்தார்.

பிய்ந்த கடப்பால் அக்காவும் வந்து அடுப்படியில் என் பக்கத்தில் குந்தினார். வட்டிலப்பத்தைக் கொடுத்தேன். "நீ நோன்பு திறக்கக்குள்ள உன்னோட சாப்பிடுறன், வை" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுப்புப் புகை என்று சொல்லிக்கொண்டேன்.

பேச்சுச் சத்தம் கேட்டு வாப்பா தஸ்பீஹ் மணிமாலையுடன் அறை வாசலுக்கு வந்தார். நோன்பாளியைக் கண்டதும் மருந்துக்கடைக்காரர் வாய் நிறைந்த சோற்றோடு பீங்கானை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். வாப்பா அதைக் காணாத மாதிரி நின்றார். பிய்ந்த வேலியைப் பார்த்தார், பாயில் இருந்த இருவரையும் பார்த்தார்.

"மகன்" என்றார் என் கணவரிடம். "எனக்குப் பெருநாள் நாளைக்குத்தான். உங்களுக்கு இண்டைக்கு. உங்கட பெருநாளுக்கு என்ட வாழ்த்து."

அக்கா முழங்கையால் என்னை இடித்தார். நான் அடுப்படி வாசலுக்கு வந்தேன். என் கணவர் நிமிர்ந்து பார்த்தார்.

நானும் சொன்னேன். என் நோன்பு முறியவில்லை.